பத்து நிமிடக் கட்டளை

முஸம்மில் பாபிகரைப் பெரிய ஆள் என்று நான் சொல்லமாட்டேன். வேலையில் கவனமானவன், அவ்வளவுதான். அந்தக் கவனத்தைத் தன் குணம் என்று அவன் நெடுநாள் நம்பியிருந்தான். நாங்களும் நம்பினோம். கவனம் ஒரு பழக்கம். பழக்கம் ஒருநாள் கைவிடும்போதுதான் அதற்குப் பின்னால் என்ன இருந்தது என்பது தெரிகிறது.

சூடானில் அத்பரா என்ற ஊரில் பிறந்தவன். தகப்பனார் ரயில்வேயில் தண்டவாளம் மாற்றுகிறவர். உம்துர்மானில் ஒரு புற்றுநோய் மருத்துவமனையில் பன்னிரண்டு வருடம் கணினிகளைப் பார்த்துக்கொண்டான். சண்டை எங்கள் தெருவுக்குள் வந்தபோது மனைவியையும் இரண்டு பெண்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போர்ட் சூடானுக்கு வந்தான். துணிமூட்டைக்குள் நோயாளிகளின் பதிவுகள் அடங்கிய வட்டு ஒன்று இருந்தது. வழியில் ஒரு சோதனைச்சாவடியில் அதைக் கண்டுபிடித்து, அது என்னவென்றுகூடக் கேட்காமல், துப்பாக்கிக் கட்டையால் உடைத்துப்போட்டார்கள். அதன்பிறகு அந்தப் பதிவுகள் உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருந்தன: ஆள் இல்லாத அந்த மருத்துவமனையின் கீழ்த்தள அறையில், ஒரு பழைய சர்வரில்.

போர்ட் சூடானில் ஒரு பள்ளிக்கூடத்தின் நான்கு வகுப்பறைகளில் மருத்துவமனையைத் திரும்பத் திறந்தோம். பதிவேடு என் வேலை. என் மேசைக்கு அடுத்தது அவனுடையது. நோயாளிகள் உயிரை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தார்கள், காகிதம் எதுவும் இல்லை. அவர்கள் ‘சிவப்பு’ என்று சொல்லும் மருந்து ஒன்று உண்டு. ஒரு ஆளுக்கு வாழ்நாளில் இவ்வளவுதான் என்று அளவு இருக்கிறது. மீறினால் இதயம் கெட்டுவிடும். எத்தனை தடவை ஏற்றினார்கள் என்று கேட்டால் “நிறைய” என்பார்கள். டாக்டர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? அவதீயா என்ற டீக்கடைக்காரப் பெண்மணி ஐந்து நாளாகத் தன் கணக்குக்காகத் தாழ்வாரத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தாள்.

“என் நம்பர் வந்துருச்சா எஞ்சினியரே?”

“இன்னும் இல்ல லாத்தா.”

“ரேஷன் வரிசைகூட இதவிட வேகமா நகரும்பா.”

உம்துர்மான் இயந்திரம் சாகாமல் இருந்ததற்கு ஒரே காரணம் காவலாளி தைஃபூர். அறுபது வயது. அவர் மட்டும் ஊரைவிட்டுப் போகவில்லை. தினம் விடியற்காலையில் வந்து மொட்டைமாடியில் சூரியத் தகடுகளின் புழுதியை ஈரத்துணியால் துடைத்துவிட்டு எட்டு மணிக்குள் வீட்டுக்குப் போய்விடுவார். எட்டுக்குமேல் பிற்பகல் அஸர் தொழுகை வரைக்கும் தண்ணீர்த்தொட்டியின் மேல் பதுங்கியிருக்கும் துப்பாக்கிக்காரன் தெருவில் அசைகிறதையெல்லாம் சுடுவான். அடுத்த வீட்டு வியாபாரியிடம் செயற்கைக்கோள் தட்டு ஒன்று இருந்தது. அதிலிருந்து மதிலுக்கு மேலாக ஒரு கம்பி மருத்துவமனைக்குள் வந்தது. ஒவ்வொருமுறை உயிர்பெறும்போதும் இயந்திரம் தானாகவே போர்ட் சூடானை அழைத்து ஒரு சின்னக் கதவைத் திறந்துவைக்கும். அதன்வழியாக முஸம்மில் உள்ளே போய்க் கட்டளை இடலாம். ஆனால் பெரிய கோப்பை இழுத்தால் பாதியில் அறுந்துவிடும், திரும்ப முதலிலிருந்து தொடங்கவேண்டும். பத்துமுறை முயன்று பத்துமுறையும் அறுந்தது.

அதனால் இரண்டு இயந்திரங்களுக்கும் நடுவே இணையத்துக்குள் ஒரு சுரங்கம். அங்கே இருக்கும் இயங்குதளம் ஃப்ரீபிஎஸ்டி, இங்கே லினக்ஸ். ஒரே குடும்பத்துப் பங்காளிகள், பேசவைத்துவிடலாம் என்றான். இரண்டுக்கும் ஒரு ஜோடிச் சாவி. நடுவே ஓடுவது எல்லாம் பூட்டப்பட்டிருக்கும். வெளிக்கம்பி அறுந்தாலும் சுரங்கம் காத்திருந்து, விட்ட இடத்திலிருந்து தொடரும். வியாபாரியின் வீட்டில் ஆயுதக்காரர்கள் வந்து உட்கார்ந்து டீ குடிப்பது வழக்கம் என்பதால், இயந்திரத்திலிருந்து வெளியே போகிற ஒவ்வொரு தகவல் பொதியும் சுரங்கத்துக்குள்ளேயே போகவேண்டும் என்றும் முடிவுசெய்தான்.

தூரத்து இயந்திரத்தில் தகவல் போகும் வழிகளை மாற்றுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கை வைப்பதற்குமுன் அதனிடம் சொல்லிவிடுவார்கள்: பத்து நிமிடத்தில் நான் குரல் கொடுக்காவிட்டால் நீயாக அணைந்து எழுந்துகொள். தப்பு நேர்ந்து வெளியே பூட்டிக்கொண்டாலும் பத்து நிமிடத்தில் பழைய கதவு திறந்துவிடும். முஸம்மில் இதை ஒருநாளும் விட்டதில்லை. எங்கள் அறைச் சுவரில் எழுதியே ஒட்டியிருந்தான்.

அன்று விட்டான்.

காரணம் இல்லாமல் இல்லை. முந்தின நாள் அணைந்து எழுந்தபோது பழைய வட்டு முக்கால் மணிநேரம் தன்னையே சோதித்துக்கொண்டிருந்தது. இன்னொருமுறை எழாமலே போகலாம். அத்தோடு வியாபாரி ஊரைக் காலிசெய்கிறான், சூரியன் மறைகிற மஃக்ரிபுக்குத் தட்டைக் கழற்றி லாரியில் ஏற்றுகிறான் என்று செய்தி வந்திருந்தது. எல்லாப் பதிவுகளும் வந்துசேர ஐந்து மணிநேரம் வேண்டும். மணி ஒன்பதரை. இரண்டு ஆபத்துகளைத் தராசில் வைத்துப்பார்த்து ஒன்றைத் தேர்ந்துகொண்டான். அவன் இடத்தில் நானும் அதையே தேர்ந்திருக்கலாம். அது அவனுக்குச் சாதகமாகச் சொல்லப்படுகிற வாதமில்லை.

வழிகளைக் கையாலேயே எழுதினான். எல்லாம் சுரங்கத்துக்குள் போ என்று ஒரு வரி. அதற்குமுன் எழுதவேண்டிய வரி இன்னொன்று: போர்ட் சூடானுக்குப் போகிற சுரங்கத்தின் பொதி மட்டும் பழைய வழியிலேயே வெளியே போகட்டும். அதை எழுதவில்லை. சுரங்கமும் வெளியே போக வழியில்லாமல் தனக்குள்ளேயே திருப்பிவிடப்பட்டது. திரையில் எழுத்து நின்றது. அவன் ஒரு விசையைத் தட்டினான். இன்னொன்றைத் தட்டினான்.

“என்னாச்சு?” என்றேன்.

“உள்ள நின்னுக்கிட்டே கதவச் செவுரு வச்சு அடைச்சுட்டேன்.”

யாராவது போய் இயந்திரத்தை அணைத்துப் போட்டால் போதும். புதிய வழிகளை அது மறந்துவிடும், பழைய கதவு திறக்கும். வியாபாரியின் வைஃபை அலை தைஃபூரின் வீட்டுக் கூரைவரை எட்டும், அவருக்குச் செய்தி அனுப்பலாம். அஸருக்குப் பிறகு அவர் போனால் மிஞ்சுகிற நேரத்தில் பாதிப் பதிவுகள்கூட வராது. இப்போதே போனால் எல்லாம் வரும். முஸம்மில் இரண்டையும் மறைக்காமல் குரல்செய்தியில் சொன்னான். பதில் உடனே வந்தது.

“பட்டனத் தட்டணும், அவ்வளவுதானே? இதுக்கா இவ்வளவு படிச்ச? நீ சொல்லு எஞ்சினியரே, இப்பப் போகவா, அஸருக்கு அப்புறம் போகவா?”

முஸம்மில் கைபேசியை வாயருகே கொண்டுபோனான். தாழ்வாரத்தில் அவதீயா இருமினாள். பிறகு சொன்னான்:

“உங்க இஷ்டம் சாச்சா.”

எங்கள் ஊரில் நாளுக்கு நூறுதடவை சொல்கிற வார்த்தை. டீயில் சர்க்கரை போடவா என்றால்கூட அதுதான் பதில். மரியாதை போலத் தோன்றும். முடிவின் பாரத்தை எதிராளியின் தலையில் ஏற்றிவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்வதற்கு அதைவிட மென்மையான வார்த்தை எனக்குத் தெரியாது.

தைஃபூரின் சிரிப்பு கரகரத்தது. “அடேய், அறுபது வயசுல முதல் தடவையா என் இஷ்டத்தக் கேட்டவன் நீதான். என் பொண்டாட்டியே கேட்டதில்ல. சரி, செருப்ப மாட்டுறேன்.”

பதினொன்றேகாலுக்குச் சின்னக் கதவு திறந்தது. இந்தமுறை முஸம்மில் முதலில் பத்து நிமிடக் கட்டளையைக் கொடுத்தான். பிறகு விட்ட வரியை எழுதினான், பிறகு மற்றது. இரண்டு இயந்திரங்களும் கைகுலுக்கின. கட்டளையை ரத்துசெய்தான். பதிவுகள் வர ஆரம்பித்தன.

“விளக்கு பச்சையா எரியுது,” என்று தைஃபூர் செய்தி அனுப்பினார். “உனக்குத் தெரியுதா?”

“தெரியுது சாச்சா. அங்கயே இருங்க. அஸர் வரைக்கும் வெளிய வராதீங்க.”

இந்தச் சொல்லை ஒரு மணிநேரம் முன்பே சொல்லியிருக்கலாம் என்று அவனுக்கும் தோன்றியிருக்கும்.

“இங்க தண்ணி இல்லப்பா. வீட்டுல ஃபூல் பயறு அடுப்புல கெடக்கு. வந்த மாதிரியே போயிருவேன்.”

நாற்பது சதவீதம் ஆனபோது வியாபாரியின் குரல் வந்தது. தெருமுனையில் தைஃபூரைச் சுட்டுவிட்டார்கள். கல்லறைக்குப் போகிற பாதை மூடிக்கிடப்பதால் அவருடைய வீட்டு முற்றத்திலேயே அடக்கம்செய்யப்போகிறார்கள். என்ன ஆனாலும் மஃக்ரிபுக்கு முன்னால் தட்டைக் கழற்றமாட்டேன், அந்தக் கிழவனுக்காக, என்றான்.

முஸம்மில் அந்தச் செய்தியை இரண்டுமுறை கேட்டான். கைபேசியைக் கவிழ்த்துவைத்தான். திரையில் ஓடுகிற எண்ணைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். நிறுத்தவில்லை. நிறுத்தினால் யாருக்கு என்ன? நிறுத்தாததையும் நான் பாராட்டவில்லை. அவனுக்கு வேறு செய்ய எதுவும் இருக்கவில்லை.

மாலை ஐந்துக்குக் கொஞ்சம் முன்னால் மூவாயிரத்துச் சொச்சம் பதிவுகளும் வந்துமுடிந்தன. அவதீயாவின் தாளை அச்செடுத்து அவனே டாக்டரிடம் கொண்டுபோனான். ‘சிவப்பு’ அவளுக்கு அளவு முழுதும் ஏறியிருந்தது. இன்னொன்று ஏற்றியிருந்தால் இதயம் தாங்கியிருக்காது. இனி அவளுக்கு அந்த மருந்தை ஏற்றவே முடியாது.

“அப்ப வந்தது நல்ல சேதியா, கெட்ட சேதியா?” என்று கேட்டாள் அவதீயா.

டாக்டர் வேறு மருந்துகளைப் பற்றிப் பேசினார். முஸம்மில் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அந்த நேரத்தில் மருத்துவமனைக்கு அவர் போனது தன்னால்தான் என்று தைஃபூரின் மனைவிக்குச் செய்தி அனுப்பினான். வியாபாரி தட்டோடு போய்விட்டிருந்தான். செய்தி போய்ச்சேர்ந்த அடையாளம் இன்றுவரை விழவில்லை.

உம்துர்மான் பக்கம் அணைந்து ஏழு மாதமாகிறது. எங்கள் சர்வரில் சுரங்கத்தின் இந்த முனை இன்னும் இருக்கிறது. கடைசியாகக் கைகுலுக்கியது இருநூற்றுப் பன்னிரண்டு நாளுக்குமுன் என்று காட்டுகிறது. போன வாரம் பழைய உள்ளமைவுகளைச் சுத்தம்செய்துகொண்டிருந்தபோது அந்த வரிகள் என் கண்ணில் பட்டன.

“இத அழிச்சுரவா, வச்சுருக்கவா?” என்று கேட்டேன்.

எங்கள் ஊரில் இதற்கு எல்லோரும் சொல்கிற பதில் எது என்று எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். அன்றைக்குப் பிறகு அவன் வாயிலிருந்து அதை நான் கேட்டதில்லை, டீக்குச் சர்க்கரை விஷயத்தில்கூட.

“அழிக்காத,” என்றான் முஸம்மில். “நான் சொன்னேன்னு எழுதிவை.”