காற்றில்லாத அறையில் ஒரு தும்பைப்பூ

கற்பிட்டியில் எது கெட்டுப்போனாலும் காற்றின் தலையில் போட்டுவிடலாம். கூரைத் தகரம் பறந்தால் காற்று, சோற்றில் மணல் கடிபட்டால் காற்று. புருஷன் பெண்சாதி சண்டை பிடித்தால்கூடக் காற்றுக்காலம் என்று சொல்லித் தப்பிவிடுவோம். என் படங்கள் கலங்கத் தொடங்கியபோது நானும் அதைத்தான் செய்தேன்.

கமெராவைத் தம்பி கட்டாரிலிருந்து கொண்டுவந்து தந்தான். கூடவே ஒரு மெக்ரோ லென்ஸ். கடுகளவு பூவையும் தாம்பாளம் அளவுக்குக் காட்டும். முதல் வருடம் எனக்குப் பைத்தியமே பிடித்தது. வேலையால் வந்து அபாயாவைக்கூடக் கழற்றாமல் வேலியோரம் குந்திவிடுவேன். அடம்பன் பூவின் தொண்டைக்குள் ஒட்டிக்கிடந்த மகரந்தம், எருக்கலம் பூவில் ஏறிய எறும்பின் மீசை, எல்லாம் அப்படியே வந்தன. "இதுக்கு முந்தி நீ பூவையே கண்டதில்லையா புள்ள?" என்று கணவர் சிரிப்பார்.

இந்த வருடம் ஒன்றும் சரிவரவில்லை. இதழின் ஓரம் இரண்டு இரண்டாகத் தெரிந்தது. இருபது எடுத்தால் இருபதும் குப்பை.

"பாருங்க, காத்துதானே இது?" என்று அவரிடம் நீட்டினேன்.

"ஓம், காத்துதான். சோளகக் காத்து அடிக்கிற அடிக்குப் பனையே ஆடுது. பூ ஆடாதா?"

படத்தைச் சரியாகப் பார்க்காமலே சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த நாட்களில் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். காலையில் அவர் போட்டுத்தருகிற பிளேன்டீயும் அரைக் கோப்பைதான். "தேயிலைக்குப் பஞ்சமா, மனசுக்குப் பஞ்சமா?" என்று கத்துவேன். "குடிச்சிட்டுக் கேளு, இன்னும் ஊத்துறன்" என்பார்.

என் பயம் பூவைப் பற்றியதல்ல. நான் ஒரு பரிசோதனை நிலையத்தில் இரத்தம் எடுக்கிறவள். "அவ குத்தினா நோகாது" என்று சொல்லி, உச்சமுனையிலிருந்து தோணியேறி வருகிறவர்கள்கூட என் முறைக்காகக் காத்திருப்பார்கள். எனக்கு இருக்கிற ஒரே பெருமை அதுதான். என் வாப்பா தையல்காரர். ஐம்பது வயதாகுமுன்பே அவருக்குக் கை நடுங்கத் தொடங்கியது. ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் ஒருநாள் மெஷினை மூடினார். பிறகு திறக்கவேயில்லை. எனக்கு இப்போது நாற்பத்தாறு.

போன கிழமை ஒரு கர்ப்பிணிப் பிள்ளைக்கு இரண்டு தரம் குத்த வேண்டி வந்தது. நரம்பு வழுகிவிட்டது என்று பொய் சொன்னேன். "பரவாயில்ல ராத்தா" என்று அவள் சிரித்தாள். ஏசி போட்ட அறை அது. அங்கே காற்றைச் சாட்ட முடியாதே.

அன்றிலிருந்து படம் எடுப்பது எனக்குப் பரீட்சையாகிவிட்டது. காற்று அடங்கியிருக்கும் அதிகாலையில் எடுத்துப் பார்த்தேன். அட்டைப்பெட்டியைக் கிழித்து மறைப்புக் கட்டி எடுத்துப் பார்த்தேன். கலங்கல்தான். அப்போதும் வேலிக்குள்ளால் கொஞ்சம் காற்று வருகிறது என்று சொல்லிக்கொண்டேன். மனசு எவ்வளவு பெரிய கள்ளி!

வெள்ளிக்கிழமை அவர் ஜும்ஆவுக்குப் போனதும் ஒரு தும்பைப்பூவைத் தண்டோடு கிள்ளிவந்து மருந்துப் போத்தலில் தண்ணீர் விட்டு நிறுத்தினேன். ஜன்னல்களை அடைத்தேன். மின்விசிறியை நிறுத்தினேன். கதவின் கீழ் இடைவெளியில் துவாயைச் சுருட்டிச் செருகினேன். அறை அவியத் தொடங்கியது. பூ அசையவில்லை, அதன் நிழல்கூட அசையவில்லை. மூச்சை அடக்கிப் பத்துப் படம் எடுத்தேன். பத்தும் கலங்கியிருந்தன.

யா அல்லாஹ், கமெரா பழுதாக இருக்கட்டும் என்று கேட்டேன். உண்மையாகவே கேட்டேன்.

மகளின் பழைய பாடப்புத்தகங்களை அடுக்கி, கமெராவை அவற்றின்மேல் வைத்து, டைமரை அழுத்திவிட்டுச் சுவரோடு ஒதுங்கி நின்றேன். கைகள் இரண்டையும் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டேன். பத்து விநாடி கழித்துக் கிளிக் என்றது.

தும்பை இதழின் ஒவ்வொரு பூனைமயிரும் எண்ணி எடுக்கலாம் போலத் தெரிந்தது. நான் எடுத்த படங்களிலேயே இவ்வளவு தெளிவானது வேறில்லை. என் கை படாமல் எடுத்த படமும் அது ஒன்றுதான். கட்டிலில் குந்தி வாய்விட்டு அழுதேன்.

அவர் வந்து கதவைத் தள்ளினார். "என்ன புள்ள, இந்த வெக்கைக்குள்ள அடைச்சிக்கிட்டு?" என்றபடி ஜன்னல்களைத் திறந்தார். தலையிடி என்றேன். முகத்தைப் பார்த்தார். குசினிக்குப் போய் பிளேன்டீ போட்டுக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

அரைக் கோப்பை.

வழமையான ஏச்சு நாக்குநுனிவரை வந்து நின்றுவிட்டது. உம்மாவும் வாப்பாவுக்கு அரைக் கோப்பைதான் ஊற்றுவார். நிறைய ஊற்றினால் தளும்பி வாப்பா உடுத்திருக்கிற சாரம் நனைந்துவிடும், வந்திருக்கிற ஆட்கள் முன்னால் அவர் கூனிக்குறுகிப் போவார் என்பதற்காக. பிள்ளைகள் நாங்கள் வெகுகாலம் உம்மாவைக் கஞ்சப்பிசினாறி என்றே நினைத்திருந்தோம்.

"எப்ப இருந்து தெரியும்?" என்று கேட்டேன்.

அவர் மருந்துப் போத்தலையும் புத்தக அடுக்கையும் பார்த்தார். மறைக்க முயலவில்லை.

"நோம்புக்கு முந்தியே."

"ஏன் சொல்லல்ல?"

"எப்பிடிச் சொல்ற? நீ காத்து காத்து எண்டு சொல்லிக்கிட்டு இருந்தா. எனக்கும் பயமா இருந்திச்சு புள்ள."

என்மேல் வந்த கோபத்தையும் அவர்மேல்தான் காட்டத் தோன்றியது. முடியவில்லை.

"நாளைக்கு நான் யாருக்கும் குத்த மாட்டன்," என்றேன். "டொக்டர்ட்ட போவம்."

"ஓம், போவம்."

"இப்ப நிறைய ஊத்துங்க."

தயங்கினார். பிறகு கேத்தலை எடுத்துவந்து விளிம்புவரை ஊற்றினார். தூக்கினேன். வாய்க்கு வருமுன்பே பெருவிரலில் வழிந்து சுட்டது, மேசையிலும் சொட்டியது. திறந்த ஜன்னலால் காற்று பலமாக அடித்துக்கொண்டிருந்தது. இந்தமுறை அவர் காற்றைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கோப்பையின் அடியில் தன் கையைக் கொடுத்தார்.