ஃபைனலுக்கு முன் கூலி

மூலக்குளம் வினோதா மற்ற நாட்களில் ஜாக்கெட் தைப்பவர். ஞாயிற்றுக்கிழமை வாலிபால் நடுவர். ஆண்கள் ஆட்டத்துக்கே உயர மேடையில் ஏறி விசில் ஊதுவார். ஊதினால் ஊதினதுதான். ‘அந்தம்மா தப்பா ஊதாது’ என்ற பெயர் ஒன்றுதான் அவர் சேர்த்த சொத்து.

எங்கள் ஊர் நடுவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கூலியை ஃபைனலுக்கு முன்பே வாங்கிவிட வேண்டும். போட்டி நடத்துகிற கிளப்பே ஃபைனலில் தோற்றுவிட்டால், அப்புறம் அதன் பொருளாளரைத் தேடிப் பிடிக்க முடியாது. நடுவர் சங்கத்தின் வங்கிக் கணக்கில் போடச் சொல்லலாமே என்பீர்கள். சங்கத்தின் பதிவைப் புதுப்பிக்காமல் வருஷக்கணக்கில் ஓட்டியதில் அந்தக் கணக்கு முடங்கிக் கிடந்தது. சங்கச் செயலாளர் தெய்வசிகாமணியைக் கேட்டால், ‘பாத்துக்கலாம்’ என்பார். அந்த ஒரு சொல்லிலேயே டாக்டர் பட்டம் வாங்கியவர்.

அன்று முத்தியால்பேட்டையில் ஃபைனல். போட்டியை நடத்திய முத்தியால்பேட்டை கிளப்பும் வினோதாவின் சொந்த மூலக்குளமும் மோதின. ஆட்டத்துக்கு முன் கிளப் பொருளாளர் முருகையன் அறுநூறு ரூபாயை வினோதாவின் கையில் வைத்தார். எவனோ அதைச் செல்போனில் படம் பிடித்து, மூலக்குளம் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். ‘நடுவர் விலை போயாச்சு.’

அதைப் பார்த்த வினோதா செயலாளரிடம் ஓடினார்.

“சார், இது எங்க கூலின்னு மைக்ல ஒரு வார்த்த சொல்லிடுங்க.”

“சொன்னா, ஏன் பேங்க்ல போடலன்னு கேப்பாங்க. அப்புறம் பதிவு ஆபீஸ்ல நான்தான் போயி நிக்கணும். நீ ஏறும்மா, பாத்துக்கலாம்.”

ஏறினார். ஒவ்வொரு விசிலுக்கும் கீழே சிரிப்பு. “இன்னாக்கா, எவ்ளோ வாங்குன?” என்று ஒரு குரல். பக்கத்துத் தெருப் பையன்தான். எப்படியாவது மூலக்குளம் ஜெயித்துவிட்டால் போதும் என்று வேண்டிக்கொண்டார். நடுவர் வேண்டக் கூடாத வேண்டுதல்.

கடைசி செட். இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் முத்தியால்பேட்டைக்குக் கோப்பை. முத்தியால்பேட்டை அடித்த பந்து மூலக்குளத்தின் பின்கோட்டில் விழுந்தது. கோட்டோரம் நின்ற துணை நடுவர், தனக்குத் தெரியவில்லை என்று மார்பின் குறுக்கே கைகளை வைத்துவிட்டார். வினோதா பார்த்திருந்தார். பந்து கோட்டைத் தொட்டது. வெளியே என்று கைகளைத் தூக்கினால் மூலக்குளம் தப்பிக்கும், அவரும் நிம்மதியாக வீடு போய்ச் சேரலாம்.

உள்ளே என்று தரையை நோக்கிக் கை நீட்டினார்.

தண்ணீர் பாட்டில்கள் பறந்தன. செயலாளர் மைக்கைப் பிடித்து, “நடுவர் தீர்ப்பே இறுதியானது” என்றார். கூட்டம் கைகொட்டிச் சிரித்தது. வினோதா இறங்கி வந்து அவர் கையிலிருந்து மைக்கை வாங்கினார்.

“காசு வாங்குனேன். அறுநூறு ரூபா. அது என் கூலி. சங்கத்துக் கணக்கு மொடங்கிக் கெடக்கு, அதான் கையில குடுக்குறாங்க. யாரு ஜெயிச்சாலும் அதே அறுநூறுதான்.”

கூட்டம் அடங்கியது. செயலாளர் மைக்கைப் பிடுங்கி அணைத்தார்.

அதன்பின் சங்கம் அவரை எந்த ஆட்டத்துக்கும் கூப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே தைத்தார். அது அடிக்கும்போதெல்லாம் ஊசியைப் போட்டுவிட்டு எடுப்பார். யாராவது ஜாக்கெட் தயாரா என்று கேட்பார்கள்.

ஒருநாள் தெய்வசிகாமணியே கூப்பிட்டார். “பதிவ புதுப்பிச்சாச்சும்மா. இனிமே எல்லாருக்கும் பேங்க்லதான். உன் கணக்கு நம்பர அனுப்பு.”

“எந்த மேட்ச்சுக்கு சார்?”

“மேட்ச்சு இப்போதைக்கு இல்லம்மா. சங்கத்துல எத்தன நடுவருங்கன்னு கணக்கு நம்பரோட ஆபீஸ்ல லிஸ்ட் கேக்குறாங்க. தல கொறையுது.”

“அனுப்புறேன் சார்” என்றார் வினோதா. “மொதல்ல ஒரு மேட்ச் போடுங்க.”