செட்டிக்குளத்தில் இறகு வீசியவர்

இன்று காலை செஞ்சி கடைத்தெருவே ஒரு வெளியூர்க்காரரைச் சந்தேகப்பட்டது. நானும்தான்.

பஸ்ஸுக்குக் காத்திருந்தவர், மார்கழிக் குளிரில் மப்ளரும் ஹோல்டால் படுக்கைச் சுருட்டுமாக என் நூல் கடைக்கு வந்து சிவப்புப் பட்டுநூல் கண்டு ஒன்று வாங்கினார். பிறகு எதிரே கோழி விற்கும் முனியம்மாவிடம் போய், சேவலின் கழுத்து இறகு மட்டும் போதும் என்றார்.

முனியம்மாவின் மகள் காய்ச்சலில் கிடக்கிறாள்.

"சேவ இறகு, செவப்பு நூலு! என் பொண்ணுக்கு சூனியம் வெக்க வந்தியா?" என்று அவரது சட்டையைப் பிடித்துவிட்டாள். கூட்டம் கூடிவிட்டது.

அவர் ஒரு தகர டப்பாவைத் திறந்தார். உள்ளே பட்டுநூலால் இறகு கட்டிய தூண்டில் முட்கள், அசல் பூச்சிகள் மாதிரி.

"ஊட்டிக்கு மாத்தலாகிப் போறேம்மா. அங்க ஓடையில டிரவுட்டுன்னு ஒரு மீன். இந்தக் குளிர்ல சோம்பிக் கெடக்கும். மூக்குக்கு நேரா பூச்சி வந்தாத்தான் வாயத் தெறக்கும்."

"மீனு இறகு துன்னுமா? எங்க, காட்டு!"

எல்லோரும் செட்டிக்குளத்துக்குப் போனோம். ஹோல்டாலிலிருந்து மெல்லிய தூண்டில் பிரம்பை எடுத்து, இறகு முள் கட்டிய நூலைச் சுழற்றி வீசினார். இறகு தண்ணீரில் பட்டதும் ஒரு கெண்டை கவ்வியது. எனக்கு அப்பாடா என்றிருந்தது.

அவரோ முள்ளைக் கழற்றி, மீனைக் குளத்திலேயே விட்டுவிட்டார். "சின்ன மீன், பாவம்."

முனியம்மா என் காதருகே வந்தாள். "பாத்தியாண்ணா? புடிச்ச மீன எவனாவது வுடுவானா? இவன் மீனு புடிக்க வந்தவன் இல்ல."

அவர் பஸ் ஏறிப் போய்விட்டார். எனக்கும் அதுதான் உறுத்துகிறது. நீங்களே சொல்லுங்கள், குழம்புக்கு இல்லையென்றால் மீன் எதற்கு?