சும்மா இருக்கச் சம்பளம்

அம்பத்தூர் கல்யாண மண்டபம் ஒன்றில் நடந்த வேலைவாய்ப்பு முகாமில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். இடது காலில் காலிப்பர் என்கிற இரும்புச் சட்டம் மாட்டி நடப்பவள் நான். நழுவுகிற பொன்னாடையைப் பிடிப்பதா, ஊன்றுகோலைப் பிடிப்பதா என்று மேடையிலேயே திண்டாடினேன். மாற்றுத்திறனாளிகளுக்குப் பயிற்சி தரும் ஓர் அறக்கட்டளையும் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் உள்ள உதிரிபாகக் கம்பெனி ஒன்றும் கைகோத்து நடத்திய முகாம் அது. லேத் மெஷினில் கடைந்து வரும் பீஸ்களை அளந்து நல்லது கெட்டது பிரிக்க, மேனாம்பேட்டில் இருந்த அறக்கட்டளையின் மையத்தில்தான் கற்றுக்கொண்டேன். அந்த வேலைக்குத்தான் மேடையில் ஆர்டர் கொடுத்தார்கள்.

சேரப் போன அன்று மனிதவள அதிகாரி ஏசி அறையில் உட்காரவைத்து டீ கொடுத்தார். "நீங்க எதுக்கும்மா தினம் பஸ் ஏறி கஷ்டப்படணும்? வீட்லயே இருங்க. சம்பளம் மாசாமாசம் அக்கவுண்ட்டுக்கு வந்துடும். விசிட்டர் யாராவது வந்தா மட்டும் கூப்பிடுவோம்."

எனக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. மாற்றுத்திறனாளிக்கு வேலை கொடுத்ததாகக் கணக்கில் காட்ட என் பெயர் வேண்டும், போட்டோவுக்கு என் கால் வேண்டும். என் கைக்கும் கண்ணுக்கும் அங்கே வேலை இல்லை. பக்கத்து ஃப்ளாட்டின் ஐடி தம்பதி விஷயத்தைக் கேட்டு, "லக்கிதான் போங்க" என்றார்கள். அவர்கள் வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்கள். நான் வீட்டிலிருந்து வேலை செய்யாதவளாம்!

மறுநாள் காலை ஷிஃப்டுக்குக் கம்பெனி கேட்டில் போய் நின்றேன். வாட்ச்மேன் பதறிப்போனார்.

"இன்னாம்மா, உன்ன ஊட்லயே இருக்க சொல்லிகீறாங்களே. இங்க இன்னாத்துக்கு வந்துகினு கீற?"

"வேலைக்கு சேந்துகீறேன் அண்ணாத்தே. வேலைக்கு வராம வேற எங்க போவேன்?"

முணுமுணுத்துக்கொண்டே தன் நாற்காலியை இழுத்துப் போட்டார். ஷிஃப்ட் முடியும்வரை அதிலேயே உட்கார்ந்திருந்தேன். அடுத்த நாளும் போனேன். அந்த வாரத்திலேயே கோவில்பதாகையிலிருந்து இன்னொரு பெண்ணும் வந்துவிட்டாள். என்னோடு மேடையேறியவள், காது கேளாதவள். அவளையும் வீட்டில் இருக்கச் சொல்லியிருந்தார்கள். கேட்டைக் காட்டி, என்னைக் காட்டி, தன் நெஞ்சில் ஓங்கித் தட்டினாள். டிபன் பாக்ஸைத் திறந்து இருவரும் அங்கேயே சாப்பிட்டோம்.

சேதி தெரிந்து அறக்கட்டளையின் ஒருங்கிணைப்பாளர் ஓடிவந்தார். என்னைப் பயிற்சியில் சேர்த்துவிட்டவர், நல்ல மனுஷி.

"ரெண்டு பக்கமும் பேசி இதைக் கொண்டுவர எவ்ளோ அலைஞ்சோம் தெரியுமா? நீ முரண்டு பிடிச்சா கம்பெனி கையை உதறிடும். பின்னாடி வர்றவங்களுக்கும் வழி அடைஞ்சிடும்."

அந்தப் பேச்சில் ஆடித்தான் போனேன். என்னால் இன்னொருத்தி பிழைப்பு போய்விடுமோ என்று பயமாக இருந்தது. ஆனாலும் வாய் நிற்கவில்லை.

"பின்னாடி வர்றவங்களுக்கும் இதே வாட்ச்மேன் நாற்காலிதானா மேடம்? சும்மா இருக்கறதுக்கு எதுக்கு டிரெயினிங் குடுத்தீங்க?"

அவர் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போனார். இரண்டு தரப்பும் என்ன பேசினார்களோ, சில நாளில் எங்களைக் கூப்பிட்டார்கள். இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் உட்கார்ந்து வேலை செய்ய வாகாக இரண்டு மேசைகள் போட்டிருந்தார்கள்.

சேர்ந்த புதிதிலேயே, துளை பெரிதாகிப்போன ஒரு பீஸை நல்ல பீஸ் கூடையில் போட்டுவிட்டேன். சூப்பர்வைசர் அதைத் தூக்கிக்கொண்டு வந்து எல்லோர் முன்னாலும் கத்தினார்.

"கண்ண எங்க வச்சிகினு பாக்குற? இது கஸ்டமர்கிட்ட போயிருந்தா மொத்த லாட்டும் திரும்பி வந்திருக்கும். எல்லாத்தயும் முதல்லேர்ந்து அள!"

மனிதவள அதிகாரி பதறிக்கொண்டு ஓடிவந்தார். "யோவ், அவங்களைப் போய் ஏன்யா..." என்று சூப்பர்வைசரின் தோளைப் பிடித்து இழுத்தார்.

"விடுங்க சார், திட்டட்டும்" என்றேன். "அளந்தது நான்தான்."

முகமெல்லாம் எரிந்தது. கூடையைக் கவிழ்த்து முதல் பீஸைக் கையில் எடுத்தேன். அந்தக் கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்தது அன்றைக்குத்தான்.