அடிமண்டி

பியர் பாட்டில்களைக் கழுவப் போடுமுன் லுட்கார்ட் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். அடியில் இரண்டு மடக்கு மண்டி கிடக்கும். தொட்டியோரம் நின்றபடியே அதை வாயில் ஊற்றி, சற்று வைத்திருந்து விழுங்குவாள். கல்யாணமானதிலிருந்து இதுதான் வழக்கம். வீட்டில் ஒருவரும் கவனித்ததில்லை.

பதினாலு வயதில் பள்ளியை விட்டு, புரூசெல்ஸ் பக்கத்தில் ஒரு சலவைக்கூடத்துக்கு வேலைக்குப் போனவள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கமாட்டாள்.

மாதத்தின் முதல் ஞாயிறு, பூசை முடிந்ததும், புருஷன் ஃபிர்மினின் தம்பி ஓடிலோன் பாட்டில்களோடு வந்துவிடுவான். பொன்னிறம், கருப்பு, புளிப்பு, மடத்தில் காய்ச்சியது என்று நாலைந்து வகை. ஒவ்வொன்றுக்கும் அதற்கே உரிய கோப்பை. மாற்றி ஊற்றினால் குடி முழுகிவிடும். பாட்டிலை ஆடாமல் சாய்த்துத் தெளிவை மட்டும் இறுத்து, அண்ணனும் தம்பியும் நுரையைப் பார்ப்பார்கள், மோந்து பார்ப்பார்கள், பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டுச் சண்டை பிடிப்பார்கள்.

லுட்கார்ட் சீஸ் துண்டுகளும் கடுகு விழுதும் கொண்டுவந்து வைப்பதற்குள், அவள் இடத்தில் சின்னக் கோப்பையில் செர்ரி பியர் நிற்கும். "பொம்பளைங்களுக்கு இனிப்புதான் அண்ணி" என்று முதல் தடவை ஓடிலோன் சொன்னான். பிறகு சொல்லக்கூட இல்லை, ஊற்றினான். அவளுக்கு இனிப்பே ஆகாது. அதைச் சொல்ல வாய் வராமல் குடித்துத் தொலைத்தாள். தனக்குப் பிடித்தது புளிப்பு பியர் என்பதை மண்டியிலிருந்துதான் தெரிந்துகொண்டாள்.

மகன் யோரிஸ் புதுப்பெண்டாட்டி நேலேயைக் கூட்டிவந்த ஞாயிறு அது. அவள் நாற்காலியை இழுக்கக்கூட இல்லை, முன்னால் சிவப்பாக ஒரு சின்னக் கோப்பை வந்து நின்றது. லுட்கார்ட் அந்தக் கோப்பையைப் பார்த்தாள். இவளும் ஆயுசு முழுக்க இதையேவா?

"அவளைக் கேட்டியா?"

ஓடிலோன் திரும்பிப் பார்த்தான். "என்னையா அண்ணி?"

"உன்னைத்தான். என்ன வேணும்னு அவளைக் கேட்டியா?"

"இதுல கேக்க என்ன இருக்கு?"

"அத்தை, எனக்கு செர்ரி நெஜமாவே பிடிக்கும்" என்றாள் நேலே.

"பிடிச்சா நல்லா குடி கண்ணு. இவன் கேட்டானா, அதைச் சொல்லு."

நேலே தலையாட்டி இல்லை என்றாள்.

லுட்கார்ட் தன் செர்ரியைத் தொட்டியில் கொட்டினாள். புளிப்பு பாட்டிலை எடுத்து ஒரு குலுக்குக் குலுக்கி, அதே கோப்பையில் கலங்கலாக ஊற்றினாள்.

ஃபிர்மின் பதறி எழுந்தான். "ஏய், அது செர்ரி கோப்பைடி! மண்டியெல்லாம் கலந்துபோச்சே!"

"கலக்கட்டும். இத்தனை வருஷமா இந்த வீட்டுல எனக்கு வாய்ச்சது மண்டிதான். இன்னிக்கு உக்காந்து குடிச்சுக்கறேன்."

"அப்போ அண்ணியும் மார்க் போடுவாங்களோ?" ஓடிலோன் இளித்தான்.

"போடுவேன். பியருக்கு எட்டு. ஊத்தினவனுக்கு முட்டை."

நேலே சிரித்துவிட்டாள். லுட்கார்ட் சிரிக்கவில்லை. இவ்வளவு நடந்தும் கட்டின புருஷன் பதறியது கோப்பைக்காகத்தானே!

ஃபிர்மினுக்கு இன்றும் கோப்பை மாறக்கூடாது. ஓடிலோன் மட்டும் பாட்டிலைத் திறக்குமுன் "யாருக்கு என்ன?" என்று முறைப்பாகக் கேட்கிறான். நேலே செர்ரி என்கிறாள், லுட்கார்ட் புளிப்பு என்கிறாள். கோப்பைகளை இன்னும் லுட்கார்ட்தான் கழுவுகிறாள்.