முயல் கூண்டுக்கு அடியில் சாம்பல்

நாற்றம் கூடியபோது சுருளியாண்டி அசரவில்லை. அது குறையத் தொடங்கியபோதுதான் அவனுக்குச் சந்தேகம் பிடித்தது.

ஆள் யாரென்று முதலில் சொல்லிவிட வேண்டும். கம்பத்தில் ஒரு வாழைக்காய் மண்டியில், வண்டியில் வந்து இறங்கும் தார்களைப் பார்த்து வாங்குகிற வேலை அவனுக்கு. மேல் சீப்பு பெருத்து அடிச் சீப்பு சூம்பிக் கிடக்கிற தாரைக் கூட்டத்துக்கு நடுவில் சொருகி அனுப்புகிற ஆட்களை மண்டிக்காரருக்குக் காட்டிக் கொடுத்தே பேர் வாங்கினவன். மண்டியில் அது தொழில். வீட்டுக்கு வந்தாலும் கழற்றி வைக்கத் தெரியாது, அதுதான் வினை. பால்காரரை மாட்டோடு வரச் சொல்லிக் கண்ணெதிரே கறக்க வைத்தான். கறந்த பிறகு, முன்கூட்டியே செம்பைக் கவிழ்த்துப் பார்க்காமல் விட்டோமே என்று அன்றைக்கு முழுக்கச் சோறு இறங்கவில்லை. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் விரிப்பான்.

அவன் பெண்டாட்டி சந்தனம்மாள், ஊர் கூடலூர். அதிகம் பேசாத பொம்பளை. பிள்ளை இல்லை. எமர்ஜென்சி முடிந்த மறு வருசம், குமுளிக்கு ஜீப் ஓட்டுகிற பொன்னுராஜ் ஒரு எஸ்டேட் வீட்டிலிருந்து வெள்ளை முயல் ஒன்றைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்துவிட்டுப் போனான். வெள்ளச்சி என்று பேர் வைத்தாள். சும்மா ஒருத்தன் எதற்குக் கொடுப்பான், இதில் என்னமோ இருக்கிறது என்று சுருளியாண்டி முயலின் காதைத் தூக்கிப் பார்த்தான், பல்லைப் பார்த்தான், குற்றம் ஒன்றும் தட்டுப்படவில்லை. உடைந்த திராட்சைப் பெட்டிகளைக் கோத்துக் கம்பிவலை அடித்துக் கூண்டு செய்து கொடுத்ததும் அவன்தான். கீழே பெய்கிற மூத்திரத்தைப் பிடிக்க, மண்ணெண்ணெய் டின்னை வெட்டி ஒரு தகரத் தட்டு.

வெள்ளச்சி வந்த பிறகு அந்த வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்டது. சந்தனம்மாள் முயலோடு பேசுவாள். புருசனிடம் சொல்லாததெல்லாம் அதனிடம் சொல்லுவாள். அவன் அதையும் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுப் பார்த்தான். கீரை விலையும் கூடலூர்ச் சேதியும்தான்.

அவர்கள் குடியிருந்தது ஒரு வளவில். முன்வீடு வீட்டுக்காரி அன்னத்தாய்க்கு. பின்னால் இரண்டு வீடுகள், ஒன்றில் இவர்கள், மற்றதில் இட்லி அவித்து விற்கிற மாயக்காள். இரண்டுக்கும் நடுவில் இடுப்பளவுச் சுவர். முன்வீட்டுக்குப் போகிற ஒடுங்கின முடுக்கில்தான் கூண்டு இருந்தது. சித்திரை வெயில் ஏற ஏற முயல் மூத்திரம் மூக்கைக் குத்தியது. கண்ணில் நீர் வரும்.

அன்னத்தாய் வந்து நின்றாள். மகள் சொர்ணலதாவைப் பெண் பார்க்கப் போடியிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், வீரபாண்டித் திருவிழாவுக்கு வந்த கையோடு இங்கே எட்டிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்றாள்.

"ஏலக்கா யாவாரம் பண்றவக. கண்ணை மூடிக்கிட்டு மோந்து பாத்தே சரக்கைத் தரம் பிரிக்கிறவக. அவுக மூக்குக்கு இந்த முடுக்கு ஆகுமாப்பா சுருளி? அவுக வாரதுக்குள்ள நாத்தம் போகணும். இல்லாட்டி முயல் போகணும்."

அவள் போன பிறகு சந்தனம்மாள் ஒன்றே ஒன்று சொன்னாள்: "அது போனா நானும் கூடலூருக்குப் போயிருவேன்." மிரட்டிச் சொல்லவில்லை. வெளியே துணி காய்கிறது என்று சொல்வது மாதிரி சொன்னாள். சுருளியாண்டிக்கு அதுதான் பயத்தைக் கொடுத்தது.

அப்போதும் அவன் முயலை நம்பினான், மனுசரை நம்பவில்லை. இது முயல் நாற்றமே இல்லை, அன்னத்தாய் வீட்டுச் சாக்கடை நாற்றம், பழியை வாயில்லா ஜீவன் மேல் போடுகிறாள் என்று முடிவு கட்டினான். மூன்று வீட்டுச் சாக்கடையிலும் குனிந்து மோந்து பார்த்தான். மாயக்காள் இட்லித் துணி அலசிய தண்ணீரை அவன் தலைக்கு அருகில் ஊற்றினாள். வேண்டுமென்றே ஊற்றியதாக அவன் எடுத்துக்கொண்டான். ஏற்கெனவே குழாயடியில் தன் குடத்தை அவள் பின்னால் தள்ளி வைக்கிறாள் என்று சண்டை போட்டுப் பேச்சு அறுந்து கிடந்தது. அவள் வீட்டு நெருப்போ உப்போ எதுவும் நம் வாசற்படி தாண்டக் கூடாது என்று சந்தனம்மாளுக்கு உத்தரவு. போதாக்குறைக்கு, முயல் வந்த புதிதில் மாயக்காள் சிரித்துக்கொண்டே கேட்டிருந்தாள், முயல் ரத்தம் தேய்த்தால் முடி கருகருவென்று வளருமாமே என்று. அந்தச் சிரிப்பை அவன் மறக்கவில்லை.

பினாயில் ஊற்றிப் பார்த்தான். முயல் தும்மித் தும்மி ஒருநாள் முழுக்கப் புல்லைத் தொடவில்லை. சந்தனம்மாள் பினாயில் பாட்டிலை எடுத்துத் தெருவில் போட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் அந்த அதிசயம். ஒருநாள் மண்டியிலிருந்து வந்தவன் முடுக்கில் நின்றான். கண் எரியவில்லை. மறுநாள் இன்னும் குறைவு. வேறு ஆளாக இருந்தால் நிம்மதியாகப் போய்ச் சாப்பிட்டிருப்பான். இவன் குந்தி உட்கார்ந்து கூண்டுக்கு அடியில் குனிந்து பார்த்தான்.

தரையில் சாம்பல் பரப்பியிருந்தது. ஒரு மூலையில் கரித்துண்டுகள். தகரத் தட்டில் பிழிந்த எலுமிச்சைத் தோல், வெட்டின பக்கம் கீழே பார்த்தபடி. கூண்டைச் சுற்றிக் கொத்துக் கொத்தாக வேப்பிலை.

சுருளியாண்டி ஒவ்வொன்றாக எண்ணினான். சாம்பல், கரி, எலுமிச்சை, வேப்பிலை. பச்சைப்பிள்ளைக்குக்கூடத் தெரியும், இது செய்வினை. அவன் தார் பார்க்கிற மாதிரியே யோசித்தான். என் வீட்டில் மண்ணெண்ணெய் அடுப்பு, சாம்பலுக்கு வழியில்லை. முன்வீட்டிலும் அதேதான். வளவில் விறகு எரிகிற அடுப்பு ஒன்றே ஒன்று, மாயக்காளுடையது. கணக்கு நேராக வந்து நின்றது. முயலை மந்திரத்தில் கட்டிப்போட்டு, அது செத்தால் சந்தனம்மாளைக் கூடலூருக்கு விரட்டி, குடும்பத்தைக் கலைக்கிற வேலை.

பெண்டாட்டியிடம் மூச்சு விடவில்லை. பயந்துபோவாள் என்று நினைத்தான். கோடாங்கி சின்னக்கருப்புவிடம் போனான். கோடாங்கி உடுக்கையை அடித்து, ஒரு பொம்பளை, பக்கத்திலேயே இருக்கிறாள், சிரித்துப் பேசுகிறவள் என்றான். இவனுக்கு யார் சொன்னது என்று சுருளியாண்டி ஒருகணம் கோடாங்கியையும் சந்தேகப்பட்டான். ஆனால் வந்த பதில் தன் பதிலாகவே இருந்ததால் விட்டுவிட்டான். கிடப்பதையெல்லாம் வழித்து ஓடுகிற தண்ணீரில் போடு, இடத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவு, கோமியத்தை நன்றாக ஊற்று என்று யோசனை சொல்லி அனுப்பினான் சின்னக்கருப்பு.

சுருளியாண்டி அப்படியே செய்தான். சந்தனம்மாள் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து எல்லாவற்றையும் சாக்கில் அள்ளி முல்லையாற்றில் விட்டான். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினான். மண்டியில் வண்டிமாடு கட்டுகிற இடத்தில் பிடித்த கோமியத்தை மண் குடிக்கக் குடிக்கத் தெளித்தான். மறுநாள் மறுபடியும் சாம்பல் விழுந்திருந்தது. மறுபடியும் வழித்தான். எதிராளி விடாப்பிடியானவள் என்று மனசுக்குள் ஒரு மரியாதைகூட வந்தது.

நாற்றமோ செத்த பாம்பு எழுந்த மாதிரி எழுந்தது. ஈர மண்ணும் கோமியமும் முயல் மூத்திரமும் வெயிலில் ஒன்றாக வெந்து தெருமுனை வரைக்கும் போனது. அன்னத்தாய் முந்தானையை மூக்கில் பொத்திக்கொண்டு வந்து, நாளைக்குப் போடிக்காரர்கள் வருகிறார்கள், இன்று பொழுது சாய்வதற்குள் முயல் இந்த வளவில் இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள். சந்தனம்மாள் கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெள்ளச்சியின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். பேசவில்லை, முயலோடுகூட.

இனிக் கையும் களவுமாகப் பிடித்தால்தான் ஆகும் என்று சுருளியாண்டி மண்டிக்குப் போகிறதாகச் சொல்லிக் கிளம்பி, தெருவைச் சுற்றி வந்து, குளிக்கிற இடத்துச் சாக்குப் படுதாவுக்குப் பின்னால் நின்றான். வெயில் ஏறியது. சுவருக்கு அந்தப் பக்கம் வளையல் சத்தம். ஒரு முறம் மேலே எழுந்தது. முறம் நிறையச் சாம்பல். பிடித்துவிட்டோம் என்று படுதாவை விலக்கினான். அதே நேரம் இந்தப் பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டு முறத்தை வாங்கியது. அந்தக் கையில் கிடந்தது அவன் வாங்கிக் கொடுத்த கண்ணாடி வளையல்.

"இது என்னது?" என்றான்.

"சாம்பல்," என்றாள் சந்தனம்மாள்.

"யாரு வீட்டு அடுப்புச் சாம்பல்?"

"இந்தக் கேள்வி வரும்னுதான் உங்ககிட்டச் சொல்லல."

சுவருக்கு மேலே மாயக்காளின் தலை தெரிந்தது. "மருந்து வச்ச மண்ணையா அள்ளிக் குடுத்துட்டேன் அண்ணே? இட்லி அவிச்ச அடுப்புச் சாம்பல். அந்த அடுப்பு இட்லியத்தான் மண்டியில உக்காந்து தெனம் திங்கிறீக. கூடையில வாரது யாரு வீட்டு இட்லின்னு அதை மட்டும் ஒருநாளும் வெசாரிக்கலையே."

சந்தனம்மாள் முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். முயல் வெள்ளையாகக் காறை பிடிக்கிற மாதிரி மூத்திரம் பெய்கிறது, அதை எலுமிச்சைத் தோலும் புளியும் போட்டுத் தேய்த்தால்தான் தகரம் விடும். சாம்பலும் கரியும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வேப்பிலை ஈ வராமல் பார்த்துக்கொள்ளும். இரண்டு பேரும் கூடிப் பேசி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்தது, நாற்றத்துக்கு நன்றாகத்தான் கேட்டது. ஆனால் எவளோ தினமும் வழித்து அள்ளிக்கொண்டு போகிறாள், தண்ணீரை வேறு ஊற்றிவிட்டுப் போகிறாள்.

"வீட்டுக்காரம்மாதான் முயலை வெரட்டுறதுக்கு இப்பிடிச் செய்யுறாகன்னு நானும் மதினியும் முடிவே பண்ணிட்டோம்," என்றாள் மாயக்காள்.

சுருளியாண்டி தரையைப் பார்த்தான். சந்தனம்மாள் அவனைப் பார்த்தாள். பிறகு குனிந்து ஈர மண்ணைக் கிள்ளி மோந்தாள்.

"கோமியமா ஊத்துனீக?"

அவன் தலை ஆடியது. அவள் அழுவாள் என்று நினைத்தான். அவள் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். "உங்களோட இருந்து எனக்கும் இந்தச் சீக்கு ஒட்டிக்கிருச்சு," என்றாள். "பாவம், அந்தம்மாளப் போயி."

அன்று மண்டிக்கு மட்டம். கோமியம் ஊறின மண்ணை முழங்கை ஆழத்துக்கு வெட்டி எடுத்தான். வாய்க்காலிலிருந்து காய்ந்த மணல் சுமந்து நிரப்பினான். மாயக்காள் புளியைக் கரைத்துக் கொடுக்க, சந்தனம்மாள் தட்டைத் தேய்த்து வெயிலில் கவிழ்த்தாள். கூண்டுக்குள் விரித்திருந்த நனைந்த சாக்கை எறிந்துவிட்டு, பெட்டி அடிக்கிற பட்டறையிலிருந்து காய்ந்த மரத்தூள் கொண்டுவந்து போட்டார்கள். முயல் எப்போதும் பெய்கிற மூலை எதுவென்று சந்தனம்மாள் காட்ட, அங்கே கரியைக் கூட்டி வைத்தான். சுற்றிலும் புது வேப்பிலை. கடைசியாகச் சாம்பல். மாயக்காள் முறத்தைச் சுவர் மேல் வைத்துவிட்டு, வேண்டுமானால் எடுத்துக்கொள் என்பது மாதிரி தள்ளி நின்றாள். அவன் எடுத்தான். அவன் கையாலேயே தன் வாசற்படியைத் தாண்டிக் கொண்டுவந்தான். பொழுது சாயும்போது முடுக்கில் நாற்றம் அடங்கியிருந்தது, அன்னத்தாய் வரவில்லை. வராததற்கு என்ன காரணம் இருக்கும் என்று அவன் ராத்திரி புரண்டு படுத்தது வேறு கதை.

மறுநாள் போடிக்காரர்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா முன்னால் வந்தாள், பின்னால் இரண்டு ஆம்பிளைகள். முடுக்கில் பாதி வந்ததும் அந்த அம்மா நின்றுவிட்டாள். மூக்கு ஒருதரம் மேலே போனது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்த சுருளியாண்டி முகத்தைக் கம்பியோடு ஒட்டிக்கொண்டு பார்த்தான்.

"வேப்பெலை வாடை அடிக்குதே," என்றாள் அவள். கூண்டைச் சுற்றிக் கிடந்த கொத்துகளைப் பார்த்தாள். முகம் மாறியது. "இங்கன யாருக்கும் அம்மை பாத்திருக்கா?"

யாருக்கும் அது தோன்றவே இல்லை. வாசலில் வேப்பிலை கிடந்தால் வேறு என்ன நினைப்பார்கள்? அம்மை கண்ட வளவில் பெண் பார்க்க யாராவது கால் வைப்பார்களா? பின்னால் வந்த ஆம்பிளைகள் இரண்டடி பின்வாங்கினார்கள். இல்லை என்று அன்னத்தாய் சொன்னாலும், மறைக்கிறாள் என்றுதான் ஆகும்.

சந்தனம்மாள் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். கூண்டைத் திறந்து வெள்ளச்சியை எடுத்து அந்த அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"அம்மை இல்ல ஆத்தா. இதுக்குப் போட்டது. ஈ வரக் கூடாதுன்னு."

அந்த அம்மா முயலைப் பார்த்தாள். குனிந்து கூண்டைப் பார்த்தாள். ஏலக்காய்ச் சாக்குக்குள் முகம் வைக்கிற மாதிரி கூண்டுக்குள் முகத்தை வைத்து இழுத்து மோந்தாள். "முயலா இருக்கு? வாடையே இல்லையே," என்றாள் ஆம்பிளைகளைப் பார்த்து. "எங்க வீட்டிலயும் ஒண்ணு இருந்துச்சு. நாத்தம் தாங்காமத் தூக்கிக் குடுத்துட்டோம்." பிறகு அன்னத்தாயிடம் திரும்பி, "நல்லா வச்சிருக்கீக வளவ," என்று சொல்லிவிட்டு உள்ளே நடந்தாள்.

அன்னத்தாய் பின்னால் போகும்போது சந்தனம்மாளின் தோளை ஒருதரம் தொட்டுவிட்டுப் போனாள். முயல் போக வேண்டும் என்ற பேச்சு அதோடு நின்றது.

அடுத்த நாள் விடியலில் சுருளியாண்டியே சாம்பலுக்குப் போனான். சுவர் வழியாக இல்லை, மாயக்காள் வாசல் வழியாக. முறத்தில் விழுந்த சாம்பலை விரலால் மெல்லக் கிளறிப் பார்த்தான்.

"இன்னும் என்னத்த அண்ணே தேடுறீக?"

"கங்கு கெடக்கான்னு பாத்தேன்."

"கெடந்தாச் சுடும்," என்றாள் மாயக்காள். "சுட்டா நம்புவீகல்ல?"

அவன் விரலை எடுத்துவிட்டான். முறத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான்.