கேட்டின் மேல் எட்டாவது விளக்கு

எங்கள் வீட்டில் சாவு விழுந்த வருஷம், கிறிஸ்மஸுக்கு இரண்டு நாள் முன்பு, வீடு முழுக்க விளக்கு எரிந்தது. லிங்கராஜபுரத்தில் எங்கள் ஜனங்களிடையே அதற்கு முன் அப்படி ஒரு காரியம் நடந்ததில்லை. எரியவிட்டவள் நான். எனக்கு ஒன்பது வயது. தெரியாமல் நடந்துவிட்டது என்று எல்லாரிடமும் சொன்னேன். அது பொய்.

இறந்தவர் என் சித்தப்பா, அப்பாவின் ஒரே தம்பி. கல்யாணம் ஆகவில்லை, எங்களோடுதான் இருந்தார். எஸ்.பி. ரோட்டில் ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் வேலை. யாரோ வேண்டாமென்று கடையில் விட்டுப்போன பழைய கம்ப்யூட்டர் ஒன்றை முதலாளி அவருக்கு இரவல் கொடுத்திருந்தார். அது ஆட்டோவில் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தபோது தெருவே வேடிக்கை பார்த்தது. அம்மா அதற்கு ஓரத்தில் லேஸ் வைத்து ஒரு துணி உறை தைத்தாள். எனக்கு அப்படி ஒரு கவுன் அவள் தைத்ததில்லை.

முந்தின வருஷம் டிசம்பரில்தான் சித்தப்பா அந்த விளக்கு வேலையைத் தொடங்கினார். மற்ற வீடுகளில் ஒரு ஸ்டார், நாலு சீரியல் லைட் செட், அவ்வளவுதான். சித்தப்பா கம்ப்யூட்டரின் பின்னால் பிரிண்டர் சொருகும் இடத்திலிருந்து எட்டு வயர் இழுத்து, ஒரு பிளைவுட் பலகையில் எட்டு ரிலேக்களை வரிசையாகத் திருகினார். ரிலே என்றால் தீப்பெட்டியில் பாதி இருக்கும் ஒரு பெட்டி. கம்ப்யூட்டர் சொன்னால் ‘டக்’கென்று ஒரு சத்தம் போட்டு விளக்கை ஏற்றும், இன்னொரு ‘டக்’குக்கு அணைக்கும். எந்த விளக்கு எப்போது எரிய வேண்டும் என்று சித்தப்பா ராத்திரியெல்லாம் உட்கார்ந்து எழுதினார். ஏழு சீரியல் செட்டுகள் ஜன்னல், மாடிச் சுவர், கொய்யா மரம் என்று வீட்டைச் சுற்றி ஓடின. எட்டாவது வயரில் மட்டும் ஒரே ஒரு மஞ்சள் பல்பு. அது கேட்டுக்கு மேலே.

அப்பா அனுமதி கொடுத்தார், ஒரு நிபந்தனையோடு. “கால் மணி நேரம்தான்டா. அதுக்கு மேல மீட்டர் ஓடக்கூடாது.”

தினமும் மாலை ஏழு மணிக்கு அம்மா கம்ப்யூட்டரைப் போடுவாள். அவளுக்குக் கீபோர்டு என்றால் பயம், அதனால் பட்டனை அமுக்கினாலே விளக்கு தானாகத் தொடங்கும்படி சித்தப்பா செய்துவைத்திருந்தார். பச்சை மரத்தில் ஏறும், சிவப்பு சுவரில் ஓடும், எல்லாம் ஒருமிக்க நின்று மூச்சு வாங்கும், மறுபடி ஓடும். எதிர்வீட்டுக் கன்னடக்கார ஆன்ட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பார். கால் மணி நேரம் முடிந்ததும் ஏழும் அணைந்துவிடும். எட்டாவது அணையாது. அது ஒரு தப்பு என்று நான் கண்டுபிடித்து, பெருமையாகச் சித்தப்பாவிடம் சொன்னேன்.

“இருக்கட்டும் பாப்பா,” என்றார்.

அப்பாவுக்கு அந்த டிசம்பர் முழுக்க இரண்டாம் ஷிஃப்ட். பேக்டரியிலிருந்து ஸ்கூட்டரில் வந்து சேரப் பதினொன்றரை ஆகிவிடும், அதற்குள் தெருவே இருண்டு கிடக்கும். வந்ததும் கேட்டு பல்பைப் பார்த்துவிட்டு, “ஒண்ணே ஒண்ணு சொன்னேன், அதையும் கேக்கமாட்டான்,” என்று முணுமுணுத்தபடி தானே அணைப்பார். தினமும் இந்தச் சத்தம் கேட்டுத்தான் நான் புரண்டு படுப்பேன். விளக்குகள் எரிந்தது மொத்தம் ஐந்தே நாள். பண்டிகை அன்று மாலை அத்திபெலேயில் அத்தை வீட்டுக்குப் போய்விட்டோம். ஆளில்லாத வீட்டில் விளக்கு எதற்கு என்றார் அப்பா. பண்டிகை முடிந்ததும் விளக்கும் முடிந்தது. வயரைக் கழற்றச் சொல்லி அம்மா எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள். “அடுத்த வருசம் திருப்பிக் கட்டணுமே அண்ணி,” என்று சித்தப்பா சோம்பேறித்தனத்துக்கு நியாயம் சொல்லிவிட்டார்.

அடுத்த வருஷத்துக்கு அவர் இல்லை. ஆகஸ்டில் மஞ்சள் காமாலை வந்தது. பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

அப்பா அழவில்லை. கல்லறையிலிருந்து திரும்பியதும் வாடகை நாற்காலிகளை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தார். அதன் பிறகு வீட்டில் யாரும் சித்தப்பாவின் பெயரைச் சொல்லவில்லை. அவர் சட்டைகள் எங்கோ போயின. ‘கம்ப்யூட்டரை ஜனவரியில் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று கடை முதலாளியிடம் அப்பா சொல்லிவிட்டார். எனக்கு அப்பா மேல் கோபம் கோபமாக வந்தது. இவர் தம்பியைத் துடைத்துப் போடப் பார்க்கிறார் என்று நினைத்தேன். மரத்திலும் சுவரிலும் இருந்த வயர்கள் மட்டும் அப்படியே கிடந்தன. அதுவும் போய்விட்டால் சித்தப்பா என்று ஒருவர் இருந்ததே இல்லை என்று ஆகிவிடும்.

துக்க வீட்டில் அந்த வருஷம் ஸ்டார் கட்டமாட்டார்கள், பலகாரம் சுடமாட்டார்கள். வீடு வீடாகப் பாடிக்கொண்டு கேரல் ரவுண்ட்ஸ் வரும் சபையாரும் டோலக்கையும் கிட்டாரையும் தெருவிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்து, ஒரே ஒரு பாட்டை மெதுவாகப் பாடி ஜெபம் பண்ணிவிட்டுப் போவார்கள். எங்கள் வீட்டுக்கும் அப்படித்தான் வந்தார்கள். அவர்கள் வருவதால் அப்பா அன்று முதல் ஷிஃப்டுக்கு மாற்றிக்கொண்டு சீக்கிரமே வந்திருந்தார். பாட்டு முடிந்தது. சபை மூப்பர் ஜெபத்தைத் தொடங்கினார். நீளமான ஜெபம். “எங்களை விட்டுப் பிரிந்துபோன சகோதரன்” என்று மூன்று தடவை சொன்னார். பெயர் வரும் வரும் என்று கண்ணை மூடிக் காத்திருந்தேன். வரவில்லை. நான் கண்ணைத் திறந்தேன். மற்ற எல்லாருடைய கண்களும் மூடியிருந்தன.

உள்ளறைக்குப் போய் லேஸ் வைத்த உறையைத் தூக்கினேன். விளையாடலாம் என்று கம்ப்யூட்டரைப் போட்டேன், விளக்கு தானாக எரிந்துவிட்டது என்பதுதான் பிறகு நான் சொன்ன கதை. கம்ப்யூட்டர் பட்டனை மட்டும் அமுக்கினால் ரிலே சத்தம் போடும், விளக்கு எரியாது. அதற்குச் சுவரில் தனியாக ஒரு சிவப்பு சுவிட்ச் இருந்தது, போன பண்டிகை முடிந்ததும் அப்பா அணைத்து வைத்தது. எட்டாத உயரம். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறித்தான் போட்டேன். இத்தனை வருஷத்தில் யாரும் அந்த ஸ்டூலைப் பற்றி என்னிடம் கேட்டதில்லை.

‘ஆமென்’ சொல்வதற்கு முன்பே ஜன்னல் சிவப்பானது.

தெருவில் நின்ற பையன்கள் “ஓ!” என்று கத்தினார்கள். மூப்பர் கண் திறந்து, ஜன்னலைப் பார்த்து, பிறகு அப்பாவைப் பார்த்தார். “என்னங்க இது, துக்க வீட்டுல?” அம்மா என் தோளைப் பிடித்து நன்றாகக் கிள்ளினாள். “என்னாடி பண்ணி வச்ச, என்னா பண்ணி வச்ச?” அப்பா எழுந்து வராந்தாவுக்குப் போனார். மெயின் சுவிட்ச் அங்கேதான். இருட்டடிக்கப் போகிறார், பிறகு எனக்கு அடி விழும் என்று பின்னாலேயே போனேன்.

அப்பா மெயின் சுவிட்சின் மேல் கை வைத்தார். கை அங்கேயே நின்றது. பிறகு கையை எடுத்துவிட்டு, செருப்புகூடப் போடாமல் கேட்டைத் திறந்து தெருவில் இறங்கி, வீட்டைத் திரும்பிப் பார்த்தார்.

ஒரு வருஷ மழையில் மூன்று செட் செத்துப்போயிருந்தது. அவற்றின் முறை வரும்போது உள்ளே ரிலே ‘டக்’கென்று சொல்லும், வெளியே இருட்டாக இருக்கும். மற்ற நான்கும் மறதியில்லாமல் தங்கள் வேலையைச் செய்தன. மரத்தில் பச்சை ஏறியது. சபையார் ஒவ்வொருவராக அப்பாவிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போனார்கள். அவர் விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு கோபமா என்று எனக்குப் பயமாக இருந்தது.

கால் மணி நேரம் முடிந்தது. எல்லாம் அணைந்தன. கேட்டின் மேல் மஞ்சள் பல்பு மட்டும் நின்றது. அப்பா அதற்கு நேர் கீழே நின்றுகொண்டிருந்தார்.

அடியிலிருந்து தப்பிக்க இதுதான் சமயம் என்று ஓடினேன். “அப்பா, இது தானா அணையாது. சித்தப்பா தப்பா எழுதிட்டாரு. நான் போய் ஆஃப் பண்றேன்.”

“இருக்கட்டும் பாப்பா,” என்றார் அப்பா. “ஷிஃப்ட் முடிய இன்னும் நேரம் இருக்கு.”

அடி விழாத நிம்மதியில் உள்ளே ஓடினேன். அம்மா உள்ளறையில், கம்ப்யூட்டர் உறையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளைச் சிரிக்கவைக்கலாம் என்று நினைத்து, “அப்பாவுக்கு ஷிஃப்டே மறந்துபோச்சும்மா,” என்று சொன்னேன். “இன்னிக்கு ரெண்டாம் ஷிஃப்டுன்னு நெனச்சிட்டிருக்காரு.”

அம்மா ஏன் அந்த உறையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள் என்று எனக்கு விளங்கவில்லை.